முக்காட்டில் பை தைத்த நாள்

என்னங்க,

இன்று காலையில் நூல்கண்டு வாங்கத் துறைமுகப் பக்கம் போயிருந்தேன். கப்பலிலிருந்து இறங்கிய ஒருவன் தோளில் குட்டிக் குரங்கொன்று உட்கார்ந்திருந்தது. வெளிறிய முகம், உச்சந்தலையில் மட்டும் கறுப்பு மயிர். என்ன ஜாதிக் குரங்கு என்று யாரோ கேட்க, "கப்புச்சின்" என்றான். நடுத்தெருவில் நின்று சிரித்துவிட்டேன். கூடவந்த பக்கத்து வீட்டு மா சேன் பயந்துபோய், "என்னாச்சு அக்கா ஒங்களுக்கு?" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது இன்றைக்குத்தான்.

மூட்டை தூக்கித் தூக்கி முதுகு விட்டுப்போன பிறகல்லவா நீங்கள் அந்தத் தையற்கடையில் சேர்ந்தீர்கள். பொத்தான் தைக்கிற வேலை. ஒருநாள், ஊருக்கு வடக்கே மாவ்பிப் பக்கத்துக் கிராமங்களுக்குப் போய்வருகிற வெள்ளைக்காரப் பாதிரிச் சாமி, கப்பலில் வந்த பழுப்புக் கம்பளித் துணியோடு வந்தார். முதலாளி அதை உங்களிடம் தள்ளினார். "இந்த அங்கி சரியா வந்துச்சுன்னா இனி துணி வெட்டுற வேலை, கத்திரிக்கோல் ஒன் கைக்கு. கெடுத்தியோ, மறுபடி மூட்டைதான்."

சாமி உடுத்தியிருந்த பழைய அங்கியில், கழுத்துக்குப் பின்னால் நீளமாக ஒன்று தொங்கியது. அவர் இரந்து சாப்பிடுகிற சாமி என்று யாரோ உங்களிடம் சொல்லியிருந்தார்கள். நம் ஊரில் விடிந்தால் புத்தத் துறவிகளான பொங்கிகள் சோற்றுக்குப் பாத்திரம் ஏந்தி வருவதைப் பார்ப்பவர்தானே நீங்கள்! "பாத்திரம் கையில இருந்தா என்ன, முதுகுல இருந்தா என்ன?" என்று எனக்கே பாடம் சொன்னீர்கள். அடியைத் தட்டையாக வெட்டி, அரிசி சிந்தாமல் உள்ளே கித்தான் கொடுத்து, வாயில் சுருக்குக் கயிறும் கோத்தீர்கள். அழகான பை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

சாமி வந்து அணிந்த நேரத்தில், வீட்டில் காஜா எடுத்த சட்டைகளைக் கொடுக்க நானும் வந்திருந்தேன். பின்னால் தொங்கியதைத் தலைக்கு இழுத்தார். பிடரியோடு நின்றுவிட்டது. மறுபடி இழுத்தார். அது தலையை மூடும் முக்காடு என்று அப்போதுதான் நமக்கு விளங்கியது. முதலாளி உங்கள் காதில், "அளவு அவரு தப்பாக் குடுத்தாருன்னு சொல்லுடா" என்றார். சொல்லித் தொலையுங்களேன் என்று நானும் உள்ளுக்குள் வேண்டினேன். உங்கள் முதுகு எனக்கல்லவா தெரியும்.

நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு, "அளவு சரிதான் சாமி. நாந்தான் கெடுத்துட்டேன். அரிசி வாங்குற பைன்னு நெனச்சுட்டேன்" என்றீர்கள்.

சாமி சிரித்த சிரிப்பில் தாடி குலுங்கியது. "இந்த முக்காட்டுக்கு எங்கள் நாட்டில் கப்பூச்சோ என்று பெயர். இதைப் பார்த்துத்தான் ஜனங்கள் எங்களைக் கப்புச்சின் என்று அழைத்தார்கள். பிறகு தூரதேசத்துக் காட்டில் தலை கறுத்த ஒரு குரங்கைக் கண்டார்களாம். அதுவும் முக்காடு போட்டிருக்கிறதென்று எங்கள் பெயரையே வைத்துவிட்டார்கள். குரங்குக்குப் பெயரையே கொடுத்தோம், உம்முடைய பையைப் பொறுக்கமாட்டோமா?" என்று குரங்குபோல முகத்தைச் சுளித்துக் காட்டினார். நீங்கள் அடிமடிப்பைப் பிரித்து, அந்தத் துணியை ஒட்டுப்போட்டு, பையை முக்காடாக்கிக் கொடுத்தீர்கள். உச்சியில் தையல் தெரிந்தது. அவர் சந்தோஷமாகப் போட்டுக்கொண்டு போனார்.

முதலாளிக்கு மனம் ஆறவில்லை. "சமாளிக்கத் தெரியாதவன் என் கடைக்கு ஆகமாட்டான், போடா" என்றார். தெருவெல்லாம் நான் அழுதுகொண்டே வந்தேன். "வீட்டுக்குப் போய் அழுதுக்கலாம், இப்ப நட" என்றீர்கள். மறுபடி மூட்டைக்குப் போகவும் துணிந்துவிட்டீர்கள். போக நேரவில்லை. அந்தச் சாமி சொல்லி, நம் சந்தில் பழுப்பு அங்கிச் சாமிகள் ஒருவர் பின் ஒருவராக, பை தைத்தவர் வீடு எது என்று விசாரித்துக்கொண்டு வந்தார்கள். வாடகைத் தையல் மெஷின் வந்தது. கத்திரிக்கோல் உங்கள் கைக்கு வந்தது. உண்மை சொன்ன வாய்க்குச் சோறு கிடைத்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

நேற்று நம் வாடிக்கைக்காரி டா தின் அம்மாளின் பட்டுச் சட்டையை நான் குட்டையாக வெட்டிவிட்டேன். துணி சுருங்கிவிட்டது என்று சொல்லியிருக்கலாம், நம்பியிருப்பாள். "நாந்தான் கெடுத்துட்டேம்மா" என்றேன். அவள் ஒன்றும் அந்தச் சாமியைப் போலச் சிரிக்கவில்லை. வாயில் வந்தபடி திட்டிவிட்டு, துணியைப் பிடுங்கிக்கொண்டு போனாள். இனி வரமாட்டாள். ஆனாலும் நீங்கள் விட்டுப்போன மெஷினில் உட்கார்ந்தபோது, நான் உங்கள் பெண்டாட்டிதான் என்று எனக்கே நம்பிக்கை வந்தது.