பல்பு பளிச்சென்று எரிந்தால் டிவி போடாதீங்க

அப்பா,

டிவியைத் திருத்திக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். போட்டுப் பார்க்காதீங்க. மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுத்தான் போகிறேன். ரொட்டியும் சம்பலும் அடுப்படியில் மூடி இருக்கிறது.

"ஒன் கம்ப்யூட்டர சொருகுனதாலதான் டிவி எரிஞ்சுச்சு. படிச்சு என்னத்தக் கிழிச்ச?" என்று நேற்று பக்கத்துக் காம்பரா வீட்டு ராக்காயி அத்தை முன்னால் கேட்டீங்க. எனக்கு இன்னும் ஆறவில்லை. அதனால்தான் காலையிலிருந்து வோல்ட் மீட்டரும் கையுமாக உட்கார்ந்தேன்.

சும்மா இருக்கும்போது நம் வீட்டில் 230 வோல்ட். அத்தை தண்ணி கொதிக்கவைக்கக் கரண்டுக் கேத்தலைப் போட்டதும் 270! நம் குண்டு பல்பு பளிச்சென்று எரிகிறது, அத்தை வீட்டு பல்பு மங்கிப்போகிறது. கேத்தலை அணைத்தால் இரண்டும் பழையபடி. நம்பமுடியாமல் மூன்று தடவை போடச் சொன்னேன். அத்தை மூன்று தடவையும் தேத்தண்ணி கொடுத்துவிட்டார்.

நம் லயத்து வீடுகளுக்கெல்லாம் பொதுவாக வரும் நியூட்ரல் வயர் எங்கோ கழன்றிருக்கிறது. அதனால் அங்கே குறைகிற வோல்ட் இங்கே ஏறுகிறது. கம்பத்தில் ஏறி நீங்களே முறுக்கப் பார்க்காதீங்க, கரண்டு ஆளைப் பிடிச்சுப் போடும். ஹட்டனிலிருந்து லைன்காரரைக் கூட்டிவருகிறேன்.

கோசலா

அத்தையோடு சண்டைக்குப் போகாதீங்க. கேத்தல் மேல் பிழை இல்லை.

இன்னொன்று. டிவி எரிந்த அன்றைக்கு பல்பு பளிச்சென்று எரிந்ததும், "கரண்டு நல்லா வருது, டிவியப் போடு புள்ள" என்றீங்க. போட்டது நான்தான். படித்த எனக்கும் அது நல்ல கரண்டாகத்தான் தெரிந்தது.