பூஞ்சணத்தின் மேல் அடித்த பெயிண்ட்

கேஷிகா அப்பாவுக்கு,

பிள்ளைக்கு மறுபடியும் மூச்சு இழுப்பு. டாக்டரிடம் காட்டிவிட்டேன். ராகலைக்கு, அக்கா வீட்டுக்குக் கூட்டிப் போகிறேன். பூஞ்சணத்தைக் கழுவாமல் மேலே பெயிண்ட் அடிக்காதீர்கள் என்று எத்தனை தடவை சொன்னேன்? உங்கள் தங்கச்சி வருவதற்குள் சுவர் வெள்ளையாக வேண்டும், அவ்வளவுதானே உங்களுக்கு!

முதலில் கூரைத் தகரத்தில் ஒழுகும் இடத்தை அடைத்துவிடுங்கள். பிறகு மாஸ்க் போட்டுக்கொண்டு, ஜன்னலைத் திறந்துவைத்து, சவர்க்காரத் தண்ணீரால் சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். காய்ந்தபடி சுரண்டினால் தூசி பறக்கும். ஈரம் ஊறிய மெத்தையை வெளியே போடுங்கள். சுவர் நன்றாகக் காயும்வரை நாங்கள் வரமாட்டோம்.

சோறு சட்டியில் இருக்கிறது.

கிருஷாந்தி

பி.கு.: மூன்று நாளாக மூச்சுவிடக் கஷ்டப்பட்டும் கேஷிகா வாய் திறக்கவில்லை. ஏன் சொல்லவில்லை என்று டாக்டர் கேட்டார். "அப்பா ஆசையா பெயிண்ட் அடிச்சாரு, சொன்னா கவலப்படுவாரு" என்றாள், ஆறு வயதுப் பிள்ளை.