ஐம்பது பேருக்கான சாம்பார்

அடியே,

இந்த அகால வேளையில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். பகலில் பேனாவைத் தொட்டாலே பாப்பா விழித்துக்கொள்கிறாள். எழுத்து கோழி கிளறினாற்போல இருந்தால் பழியை அவள்மேல் போடு.

சமையல் மேடையில் ஒரு அலுமினியத் தட்டு கவிழ்ந்து கிடக்கிறது. அடியில் ஆணியால் குத்திய எண்: முப்பத்தொன்று. செல்வியின் தட்டு. நீ வளர்ந்த அதே குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்தவள். பதினெட்டு முடிந்ததும் பெட்டியைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். நாம் இருந்த மண்ணூர்பேட்டை வீட்டில் இப்போது இல்லத்துப் பெண்கள் ஆறு பேர், இன்னொரு பாய் விரிக்க இடமில்லை. அதனால் நான்கு நாளாக இங்கே, பருத்திப்பட்டில், எங்கள் முன்னறையில் இருக்கிறாள். உன் தட்டு பதினாலு. நீ மஸ்கட் ஆஸ்பத்திரி வேலைக்குப் போய் இரண்டு வருஷம் ஆகியும் அந்த எண் மறக்கவில்லை, பார்.

நாம் அந்த வீட்டைப் பிடித்த கதையை நினைத்தால் இன்னும் சிரிப்பு வருகிறது. உனக்கும் உன் இல்லத்துத் தோழிகள் இருவருக்கும் அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை கிடைத்துவிட்டது, தலைசாய்க்கத்தான் இடமில்லை. ஆம்பளைத் துணை இல்லாத பெண்களுக்கு யார் வீடு கொடுப்பார்கள்? சர்ச்சில் உன்னோடு பழகியிருந்த நான் என் அப்பாவை நச்சரித்தேன். "என் மகளும் அவள் சிநேகிதிகளும்" என்று சொல்லித்தான் அவர் வாடகைக்குப் பேசினார். அவர் சொன்னது பொய்யாகிவிடக் கூடாதே என்று, பி.ஏ. முடித்த கையோடு நானும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். தெருவில் ஒருத்தரும் நம்மோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அடிபம்பில் எத்தனை மணிக்குப் போனாலும் நம் குடம்தான் கடைசி.

முதல் ஞாயிற்றுக்கிழமை நீ சமைப்பதாகச் சொன்னாய். நான் சர்ச்சுக்குப் போய்விட்டு வந்தால், கொல்லையில் மூன்று செங்கல்மேல் எதிர்வீட்டு இட்லிக்கார அக்காவின் அண்டா கொதிக்கிறது.

"என்னடி இது?"

"சாம்பாரு."

"யாருக்கு?"

நீ கரண்டியோடு நின்று நம் நான்கு பேரையும் எண்ணினாய். முகம் வெளுத்துவிட்டது. "அம்பது பேருக்குன்னா கண்ண மூடிகினு வெப்பேன்டி. நாலு பேருக்கு எவ்ளோ பருப்பு போடணும்னு எனக்கு யாரும் காட்டலியே!"

மாசத்துக்கு வாங்கி வைத்த துவரம்பருப்பு மொத்தமும் அதில் வெந்துகொண்டிருந்தது. நான் அழுவதா சிரிப்பதா என்று நிற்கும்போதே இட்லிக்கார அக்கா எட்டிப் பார்த்தார். "இன்னாடி, அண்டா கேட்டதும் ஊட்ல விசேஷம்னு நெனச்சேன். பந்தி எங்க கீது?"

"நீங்கதான்க்கா பந்தி. குண்டான் எடுத்துகினு வாங்க" என்றாய் நீ.

பிறகு பக்கெட்டில் ஊற்றிக்கொண்டு வீடு வீடாகப் போனோம். எதற்கு, என்ன விசேஷம் என்று கேட்டவர்களிடம் நான் ஏதாவது சாக்கு சொல்லலாம் என்று பார்த்தேன். நீ விடவில்லை. "ஹோம்ல வளந்த பொண்ணுங்கக்கா நாங்க. அளவு தெரியல, நெறைய ஆயிடுச்சி." அதைக் கேட்டபின் யாரும் கதவைச் சாத்தவில்லை. மறுநாள் பம்படியில் இட்லிக்கார அக்கா உன் குடத்தைப் பிடித்து இழுத்தார். "எம்பின்னாடி வந்து நில்லு, ஏ சாம்பாரு! எங்க ஊட்டு மனுசன் ரெண்டு தபா ஊத்திகினு துன்னாருடி." அன்றிலிருந்து தெருவுக்கே நீ சாம்பார்தான். உனக்கு மஞ்சள் காமாலை வந்தபோது கீழாநெல்லி அரைத்து வந்து மூக்கைப் பிடித்து ஊற்றியதும் அவர்தானே. அந்த ஆறு பெண்களையும் இப்போது அதே மாதிரிதான் அதட்டி மேய்க்கிறார்.

இத்தனையும் தெரிந்த நான் என்ன செய்தேன் தெரியுமா? செல்வி வந்த முதல் ராத்திரி, படுக்கையறைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். "கைக்குழந்தைய வச்சுக்கிட்டு, முன்னப்பின்ன தெரியாதவள உள்ள விடுறியே" என்று அம்மா சொன்னது காதிலேயே இருந்தது. காலையில் பார்த்தால் செல்வி தலைவாரி, பெட்டியோடு வாசல்படியில் உட்கார்ந்திருக்கிறாள்.

"தாப்பா போட்ட சத்தம் கேட்டுதுக்கா. ஒங்களுக்கு பயமா இருந்தா நான் போயிடறேன். தப்பா எடுத்துக்க மாட்டேன்."

"எங்கே போவே?"

"பட்டாபிராம் ரயில் டேசன்ல பெஞ்சு கீதே."

கோபமே இல்லாமல் சொன்னாள். உள்ளே தூக்கம் கலைந்த பாப்பா கத்துகிறாள். ஏதாவது சமாளிக்கலாம் என்றுதான் வாயெடுத்தேன். வீட்டு வாசல்களில் நீ நின்று பேசியது ஞாபகம் வந்தது. உள்ளதையே சொன்னேன்: "பயந்துட்டேன் செல்வி. எனக்கு எதுக்குத்தான் பயம் இல்ல? பாப்பா தும்மினா பயம், ரொம்ப நேரம் தும்மலைன்னாலும் பயம்."

அவள் களுக்கென்று சிரித்துவிட்டாள். பெட்டியைப் படியிலேயே விட்டுவிட்டு உள்ளே வந்து தூளியைப் பார்த்தாள். "இப்டியா கட்டுவாங்க? கொழந்த எப்டிக்கா தூங்கும்?" அவிழ்த்து, உதறி, இறக்கிக் கட்டினாள். இல்லத்தில் எத்தனை தூளி கட்டியிருக்கிறாய் என்றேன். "அத்த யாரு எண்ணிகினு இருந்தா?" என்றாள். பெட்டியை நானே உள்ளே எடுத்து வந்தேன்.

மூன்று ராத்திரியாகக் கதவு திறந்தேதான் இருக்கிறது. பயம் போய்விட்டது என்று சொன்னால் நீ நம்ப மாட்டாய். பயத்தோடேயே தூங்கப் பழகிவிட்டேன். அவள் தன் காலில் நிற்கும்வரை இங்கேதான் என்று அம்மாவிடமும் சொல்லியாயிற்று.

ஒன்றுதான் பிடிபடவில்லை. சோறு, துணி, தலையணை, எதைக் கேட்டாலும் "போதும்க்கா" என்கிறாள். நீயும் அப்படித்தான் சொல்வாய், நானும் நம்பிக்கொண்டு இருந்துவிட்டேன். அந்த முதல் மாசத்தில் உனக்கு நிஜமாகவே வேண்டியிருந்து, வாய்விட்டுக் கேட்காமல் விட்டது என்னடி? உனக்குத் தராமல் போனதை அவளுக்காவது தருகிறேன். இதற்கு மட்டும் சீக்கிரம் பதில் போடு.