அறந்தாங்கி லைன் கிளியர்

அண்ணே,

கருகிப்போன சர்வோ மோட்டார் ஒன்று என் மேசைமேல் கிடக்கிறது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் சின்னது, நீல நிறம். உங்கள் வீட்டு மாடியில் நாம் போட்ட குட்டி ரயில் பாதையில், நம் அறந்தாங்கி ஸ்டேஷன் நுழைவில் தண்டவாளம் இரண்டாகப் பிரியுமே, அந்தப் பாயிண்டை நகர்த்த அதற்கு அடியில் நீங்கள் உங்கள் கையால் மாட்டியது. கழற்றி எடுத்து வந்து நாளாகிறது, நாற்றம் இன்னும் போகவில்லை. குப்பையில் போடலாம் என்று எடுப்பதும் திரும்ப வைப்பதுமாக இருக்கிறேன்.

அண்ணிதான் கூப்பிட்டு அனுப்பினார். நீங்கள் கண்மூடிய பிறகு உங்கள் வீட்டு மாடியை நான் ஏறவே இல்லை. திருக்கோகர்ணத்தில் பஸ் ஏற உங்கள் மருந்துக் கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். உங்கள் நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கப் பிடிக்காமல் எதிர்ப்பக்கமாக நடந்துவிடுவேன். அண்ணியையும் அப்படித்தான் தவிர்த்திருக்கிறேன் போல. அவர் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

“ஓடுச்சுன்னா இருந்துட்டுப் போகட்டும் தம்பி. ஓடலைன்னா கழட்டிருங்க. தூசி அடைஞ்சு கெடக்குறதப் பாக்க முடியல எனக்கு” என்றார்.

மாடிக்குப் போய் சுவிட்சைப் போட்டேன். கொசு மாட்டிக்கொண்ட மாதிரி ஒரு முனகல், உள்ளறையிலிருந்து. நான் போய்ச் சேர்வதற்குள் கருகல் நாற்றம் வந்துவிட்டது. நீங்கள் ஜல்லிக்காகச் சலித்துப் போட்ட மணலில் ஒரு கல், பாயிண்டின் நாக்குக்கு இடையில் சிக்கியிருந்தது. அதோடு மல்லுக்கட்டியே மோட்டார் போய்ச் சேர்ந்தது. பாயிண்ட் இந்தப் பக்கமும் இல்லாமல் அந்தப் பக்கமும் இல்லாமல் பாதியில் நின்றது. அதைச் சரிசெய்யாமல் எந்த வண்டியும் அறந்தாங்கிக்குள் நுழைய முடியாது. நுழையாவிட்டால் எல்லாவற்றையும் நான்தான் கழற்ற வேண்டும்.

நாம் முதலில் பேசியது நினைவிருக்கிறதா? புதுக்கோட்டை ஸ்டேஷனில், பிளாட்பாரம் டிக்கெட் வாங்கிக்கொண்டு எங்கும் போகாமல் நின்றிருந்தவர்கள் நாம் இரண்டு பேர்தான். “யாரையும் ஏத்திவிட வந்தீங்களா சார்?” என்று கேட்டீர்கள். இல்லை, சும்மா வண்டி பார்க்க வந்தேன் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுக்கிற, கல்யாணம் ஆகாத மனுஷன் இதையும் சொன்னால் ஊர் என்ன நினைக்கும்? நீங்களோ கூசாமல், “நானும் அதுக்குத்தான் வந்தேன்” என்றீர்கள். அன்றைக்கே உங்கள் வீட்டு மாடிக்குக் கூட்டிப் போனீர்கள்.

புதுக்கோட்டையிலிருந்து நேராக உங்கள் ஊர் அறந்தாங்கிக்குப் போக இன்றைக்கும் பஸ்தான். “எப்ப ரயிலு விடுவாங்கன்னு காத்துக்கிட்டு இருக்க முடியாது சார். நாமளே விட்டுருவோம்” என்றீர்கள். முன்னறையில் புதுக்கோட்டை, அது எனக்கு. உள்ளறையில் அறந்தாங்கி, அது உங்களுக்கு. நடுச்சுவரில் ஓட்டை போட்டுத் தண்டவாளத்தை விட்டோம். ஓட்டைக்கு இந்தப் பக்கம் வல்லத்திராக்கோட்டை. நான் வேலை பார்க்கிற ஊர் என்பதால் அங்கே எல்லா வண்டியும் நிற்க வேண்டும் என்று அடம்பிடித்தேன். அண்ணி வந்து பார்த்துவிட்டு, “வீட்டுச் சொவத்த இடிச்சுப்புட்டுச் சிரிப்பு வேற” என்று திட்டியது இன்னும் காதில் இருக்கிறது. பொம்மை ரயில் என்று யாராவது சொன்னால் உங்களுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

பாயிண்டை மாற்ற எந்த மோட்டார் வாங்குவது என்பதில் எத்தனை வாரம் சண்டை போட்டோம்! கம்பிச்சுருள் வைத்த வகை ஒன்று இருந்தது, டக்கென்று அடித்து மாற்றும். எனக்கு அந்தச் சத்தம் பிடித்தது. நீங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. “அடிச்சுத் தள்ளக் கூடாது சார். மெதுவா நகரணும், கண்ணுக்குத் தெரியணும்” என்று சர்வோவைப் பிடித்துக்கொண்டீர்கள். சரி, சர்வோ என்றால் உலோகப் பல்சக்கரம் வைத்ததை வாங்குவோம், உழைக்கும் என்றேன். அதற்கும் மறுப்புத்தான். “பிளாஸ்டிக்கே போதும். தகராறுன்னு வந்தா மோட்டார் போகட்டும், தண்டவாளம் இருக்கட்டும்.” கடைசியில் உங்கள் பேச்சுத்தான் ஜெயித்தது. என் பங்குக்கு நான் செய்த ஒரே தேர்வு, நூற்றெண்பது டிகிரி திரும்புகிற மோட்டாருக்குப் பதிலாக முந்நூற்றறுபது டிகிரி மோட்டாரை வாங்கியது. பெரியதற்குள் சின்னது அடக்கம் என்று கணக்கு வாத்தியார் சொன்னால் யார் மறுப்பது? சுவிட்சைப் போட்டதும் அது சுற்ற ஆரம்பித்தது. நிற்கவே இல்லை. கம்பியைச் சுருட்டி, பாயிண்டைப் பிடுங்கி, சரக்கு வேகனைக் கவிழ்த்துவிட்டுத்தான் ஓய்ந்தது. விலா நோகச் சிரித்தீர்கள். “ஒங்க கணக்கு சரிதான் சார், மோட்டாருக்குத்தான் புரியல.” அந்த மோட்டாரை வீணாக்காமல் அறந்தாங்கி ஸ்டேஷனுக்கு வெளியே ராட்டினம் ஒன்று செய்து அதில் வைத்தீர்கள்.

சுவர் மறைப்பதால் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. அதனால் இரண்டு அறையிலும் காலிங் பெல் மாட்டினோம். நான் இரண்டு மணி அடித்தால், வண்டி அனுப்பலாமா என்று அர்த்தம். நீங்கள் பாயிண்டை மாற்றி வைத்துவிட்டு இரண்டு மணி பதில் அடிப்பீர்கள். பதில் வராமல் வண்டியை எடுக்கக் கூடாது. வண்டி வந்து சேர்ந்ததும் அங்கிருந்து ஒரு நீள மணி. உடனே கீழே அடுப்படியிலிருந்து அண்ணி, “வந்துருச்சா?” என்று கேட்பார். “வந்துருச்சு!” என்று நீங்கள் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துவீர்கள். என் பக்கத்திலிருந்து அப்படி யாரும் கத்தியதில்லை. திரும்பி வருகிற வண்டி புதுக்கோட்டைக்குள் அது பாட்டுக்கு அமைதியாக வந்து நிற்கும்.

புது மோட்டாரைத் தேர்ந்தெடுக்க உட்கார்ந்தேன். போனில் வரிசையாகப் படங்கள். உலோகப் பல், பிளாஸ்டிக் பல், டிஜிட்டல், சாதாரணம். இப்போது உலோகப் பல்லே வாங்கலாம், தடுக்க ஆளில்லை. உலோகம் உழைக்கும் என்று வாய்விட்டே சொல்லிப் பார்த்தேன். எதிர்த்துப் பேச நீங்கள் இல்லாதபோது என் கட்சி எனக்கே பிடிக்கவில்லை, அண்ணே. வீட்டில் நான் பேசிய சத்தம் எனக்கே விநோதமாக இருந்தது. அன்றைக்கு வேறு யாரோடும் நான் பேசியிருக்கவில்லை. கருகிய மோட்டாரைத் திறந்து பார்த்தேன், பல் ஒன்று உடைந்திருந்தது. பாயிண்டின் நாக்கில் ஒரு கீறல் இல்லை. பிளாஸ்டிக்கே வாங்கினேன்.

நேற்று சாயங்காலம் போய் மாட்டினேன். கல்லை எடுத்துவிட்டு, தண்டவாளத்தில் முட்டாத அளவுக்கு மோட்டார் திரும்பும் கோணத்தைக் குறைத்து வைத்தேன். முனகல் இல்லை. அறந்தாங்கிப் பாயிண்டின் ஒயரை முன்னறைக்கு இழுத்து என் சுவிட்சுப் பலகையிலேயே சேர்த்தால் ஒரே ஆள் உட்கார்ந்த இடத்தில் ஓட்டலாம். அதற்கென்று ஒயர் கூட வாங்கிப் போயிருந்தேன். உங்கள் சுவிட்சில் தேய்ந்திருந்த இடத்தைப் பார்த்ததும் மனசு வரவில்லை. ஒயரைப் பழையபடி அதிலேயே கொடுத்தேன்.

முன்னறைக்கு வந்து இரண்டு மணி அடித்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் ராட்டினம் சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ தெரியாது. பிறகு எழுந்து உள்ளறைக்கு நடந்து, உங்கள் சுவிட்சைத் தட்டினேன். பாயிண்ட் நகர்ந்தது, மெதுவாக, கண்ணுக்குத் தெரிகிற மாதிரி. இரண்டு மணி பதில் அடித்துவிட்டுத் திரும்பி வந்து வண்டியை எடுத்தேன். வல்லத்திராக்கோட்டையில் நிறுத்தி மறுபடி கிளப்பினேன். அது சுவரைத் தாண்டுவதற்குள் மறுபடி உள்ளே ஓடினேன். வண்டி பாயிண்டில் ஒரு குலுக்கலும் இல்லாமல் ஏறி, அறந்தாங்கியில் வந்து நின்றது. உங்கள் நாற்காலியில் உட்கார்ந்து நீள மணியை அடித்தேன்.

கீழே பாத்திரச் சத்தம் நின்றது.

“வந்துருச்சா?”

எனக்குக் கத்திப் பழக்கமில்லை. “வந்துருச்சு அண்ணி!” என்று கத்தினேன். சத்தம் உடைந்துதான் போயிருக்கும்.

“அப்ப கழட்ட வேணாம் தம்பி” என்றார்.

இன்றைக்கும் போனேன். நாளைக்கும் போவேன். ஒவ்வொரு வண்டிக்கும் நானே புதுக்கோட்டைக்கும் அறந்தாங்கிக்கும் நடக்கிறேன், முட்டி வலிக்கிறது. ஆனால் மணி அடித்ததும் உடனே எழுந்திருப்பதில்லை. நீங்கள் பதில் அடிக்க வழக்கமாக எடுத்துக்கொள்கிற நேரம் வரை உட்கார்ந்தே இருக்கிறேன். அதற்குப் பிறகுதான் எழுந்து உள்ளே நடக்கிறேன்.