பரஸ்தானப் பெட்டி

1947 ஜனவரி 18, சனிக்கிழமை (விய வருஷம், தை 5)

வாடைக் காற்று. வானம் மூட்டம், மழை இல்லை.

கப்பல் ஏஜெண்டின் கடிதம் 11 மணித் தபாலில். பினாங்குக் கப்பல் நாகப்பட்டினத்திலிருந்து 27, திங்கட்கிழமை. நான் தூத்துக்குடியில் ரயிலேற வேண்டியது 25, சனிக்கிழமை மாலை. சனியும் திங்களும் கிழக்கே சூலம். பினாங்கு கிழக்கே. கிழக்கே போகக் கூடாத இரண்டு நாட்களையே தேடிப் பிடித்திருக்கிறார்கள். ஆபீஸில் பஞ்சாங்கம் ஒன்று மாட்டினால் என்ன குறைந்துவிடும்?

எடுக்க வேண்டியவை: வேட்டி 6. சட்டை 4. கம்பளி 1. உடன்குடிக் கருப்பட்டி, ஓலைக் கொட்டானில். சுக்கு. அம்மை குத்திய சீட்டு. ராஜமணியின் ஜாதகம்.

ராஜமணி. என் மகன் என்று எழுதவே கை கூசுகிறது. 1940இல் பினாங்கு போனான். அப்போது கல்யாணமாகிப் பதினான்கு மாதம். யுத்தம் முடிந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. எனக்கு இரண்டு கடிதம். என்னோடு இந்த வீட்டில் இருக்கும் அவன் மனைவி தங்கபுஷ்பத்துக்கு ஒன்றுமில்லை. "அனைவரையும் கேட்டதாகச் சொல்லவும்" என்று கடைசி வரி. அவள் "அனைவரும்" ஆகிவிட்டாள். காதைப் பிடித்து இழுத்து வருவதற்கே இந்தப் பிரயாணம்.

ஜனவரி 20, திங்கட்கிழமை (தை 7)

அம்மை குத்திய கை வீங்கிவிட்டது. குத்தியது 16, வியாழன். இன்று ஐந்தாம் நாள். சட்டை போட முடியவில்லை.

தங்கபுஷ்பம் குடத்தை இடப்பக்கம் விட்டு வலப்பக்க இடுப்பில் வைத்து வருகிறாள். பழக்கமில்லாமல் முற்றமெல்லாம் தண்ணீர். இடக்கை சுளுக்காம். ஏசினேன்.

பினாங்கிலிருந்து திரும்பிய ஒருவர் கடைத்தெருவில் என்னை ஓரமாக அழைத்துச் சொன்னது: ராஜமணிக்கு அங்கே வேறொரு பெண். இரண்டு பிள்ளைகள். மூத்ததற்கு நான்கு வயது. நான்கு வயதென்றால் 1942. அவன் உயிரோடு இருக்க வேண்டுமென்று இங்கே இவள் விரதம் இருந்த வருஷம். இதை இந்த நோட்டைத் தவிர யாரிடமும் சொல்வதற்கில்லை.

இன்றைக்கென்று அவள் கேட்டாள், தானும் வரலாமா என்று. கூடாது என்றேன். கப்பல் தளத்தில் பெண்பிள்ளைகளுக்கு வசதிப்படாது. நான் திரும்பும் வரை உடன்குடியில் தாய்வீட்டில் இருக்கட்டும். குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போய்விட்டாள். பதில் பேசாதவர்களிடம் கோபித்துக்கொள்வது பெரிய சிரமம்.

ஜனவரி 23, வியாழக்கிழமை (தை 10)

பரஸ்தானம். புறப்படும் நாள் சரியில்லாதபோது, நல்ல நாளில் பெட்டியை முன்னால் அனுப்பிவிட்டால் பிரயாணம் அன்றே தொடங்கியதாகக் கணக்கு. பெட்டி 10.40க்கு வாசல் தாண்டியது. இருப்பது கிழக்கே, கடற்கரைச் சாலையில் என் மைத்துனன் முத்துமாலையின் கருப்பட்டிக் கடையில். இனி பெட்டி வீடு திரும்பக் கூடாது; திரும்பினால் பிரயாணத்துக்கே பங்கம். பெட்டியை அடுக்கிய தங்கபுஷ்பத்துக்கு இதை மூன்று முறை விளக்கினேன். மூன்றாம் முறை, "உள்ள இருக்க அம்புட்டுக்கும் அதுதானா மாமா?" என்றாள். அம்புட்டுக்கும்தான், ஒரு கைக்குட்டையானாலும், என்றேன்.

முத்துமாலைக்கு எதிலும் கேலி. "ரயிலு வடக்கதான போவுது அத்தான். சூலம் உங்களத் தேடிக்கிட்டு கிழக்க நிக்கட்டும்." கடை ஆட்கள் சிரித்தார்கள். பெட்டியைக் கருப்பட்டிச் சிப்பத்தின் மேல் வைத்திருக்கிறான். எறும்பு ஏறும் என்றேன். "அதுக்கும் ஒரு டிக்கெட் எடுத்துட்டாப் போச்சு."

மூடன்.

ஜனவரி 24, வெள்ளிக்கிழமை (தை 11)

அம்மை குத்திய சீட்டை இன்றே காட்டி முத்திரை வாங்க வேண்டுமாம். ஏஜெண்ட் ஆபீஸ் குமாஸ்தாவுக்கு இது நேற்று முன்தினம் தெரியாது. சீட்டு பெட்டிக்குள். வெயிலில் கடற்கரைச் சாலைக்கு நடை.

பெட்டியைக் கடையிலேயே திறந்தேன். திறக்கலாம், திருப்பத்தான் கூடாது. என் சட்டைகளுக்கு அடியில் தங்கபுஷ்பத்தின் அரக்குச் சேலை. அதன் மடிப்புக்குள் இன்னொரு அம்மை குத்திய சீட்டு, அவள் பெயரில். தேதி ஜனவரி 13. எனக்கு மூன்று நாள் முந்தி!

சுளுக்காம்.

முத்துமாலை முகத்தைத் திருப்பிக்கொண்டு தராசைத் துடைத்தான். அவனுக்கும் தெரிந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து கேட்டேன். கத்தினேன் என்பதே சரி. அரிசி களைந்துகொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"பொறப்பட்ட துணி திரும்பப்படாதுன்னு நீங்கதான மாமா சொன்னீங்க."

அங்கே என்ன இருக்கிறதென்று தெரியாமல் பேசாதே என்றேன்.

"தெரியும். ரெண்டு பிள்ள. மூத்ததுக்கு நாலு வயசு."

யார் சொன்னது?

"நோட்ட மேசையில வச்சிட்டுத்தான நீங்க குளிக்கப் போறீங்க."

துறைமுக ஆபீஸில் முப்பத்தொரு வருஷம் ரிக்கார்டுகளைப் பூட்டிக் காத்தவன் நான். என் வீட்டில், என் நோட்டை! இவளுக்கு வாசிக்கத் தெரியுமா என்று ஏழு வருஷத்தில் நான் கேட்டதில்லை. அதுவும் உண்மை.

போய் என்ன செய்யப் போகிறாய் என்றேன்.

"நேர்ல நின்னு ஒரு கேள்வி கேக்கணும். நீங்க போனா காதப் பிடிப்பீங்க. கேக்க மாட்டீங்க."

என்ன கேள்வி?

"அத அவங்ககிட்டதான் கேக்கணும்."

சாப்பாடு வேண்டாம் என்றேன். வைத்துவிட்டுப் போனாள். சாப்பிட்டேன்.

ஜனவரி 25, சனிக்கிழமை (தை 12)

காற்று நின்றுவிட்டது. கோபம் நிற்கவில்லை. சேலையை மட்டும் எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று காலையில் ஒரு யோசனை. ஒரு கைக்குட்டையானாலும் என்று சொன்ன வாய் இது.

ராகுகாலம் கழித்து 10.35க்கு ஏஜெண்ட் ஆபீஸ். டெக் டிக்கெட் இன்னொன்று. நேற்றோடு முடிந்ததாகச் சொன்ன முத்திரையைத் தங்கபுஷ்பத்தின் சீட்டுக்கு இன்றும் குத்தினார்கள். பெரியவருக்குத் துணைக்கா என்றான் குமாஸ்தா. இல்லை, நான்தான் துணைக்கு என்றேன்.

கடைக்குப் போய் வேட்டிகளில் இரண்டையும் கம்பளியையும் வெளியே எடுத்தேன். இன்னும் இரண்டு சேலைக்கு இடம். ஜாதகத்தையும் எடுத்துவிட்டேன். எல்லாம் முத்துமாலையிடம். வீடு திரும்பக் கூடாதே.

தங்கபுஷ்பம், நோட்டை மேசை மேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போகிறேன். ரயில் 5.40. நாலரைக்கு ஸ்டேஷனில் இருக்க வேண்டும். குடை விட்டுப்போயிற்று; எடுத்து வை. இதற்கு மேல் வாசிக்க ஒன்றுமில்லை.