அம்பேல் என்ற சொல்லுக்கு நீ எழுதிய வாக்கியம்

அன்பு மகனுக்கு,

நானும் அப்பாவும் சுகம், அவருடைய முழங்கால் வலியும் அவரோடு சுகமாகத்தான் இருக்கிறது. நீயும் மருமகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீ ஒன்பதாம் வகுப்பில் என்னிடமே படித்தபோது ஒருநாள், நான் துணி மடித்துக்கொண்டிருக்கையில் பக்கத்தில் வந்து, நான் எழுதினதைப் படிச்சியாம்மா என்று கேட்டாய். திருத்தி வச்சாச்சேடா என்றேன். மடித்த துணிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாய்.

போன வாரம் பரணில் கரையான் ஏறிவிட்டதென்று அப்பா பழைய பெட்டியை இறக்கினார். அதில் என் தண்டனைத் தாள்கள். வகுப்பில் யாராவது கொச்சையாகப் பேசினால், அந்தச் சொல்லுக்குப் பொருளும் ஒரு சொந்த வாக்கியமும் எழுதித் தரச் சொல்வேனே, அவைதான். இப்போது பிள்ளைகள் வாயில் வராத சொற்கள். அப்பா உரக்க வாசித்துச் சிரித்தார். ஜகா வாங்குதல், அதாவது பின்வாங்குதல்: கிணற்றில் குதிக்கப் போய் ஜகா வாங்கினேன். கப்சா, அதாவது பொய்: சாப்பிட்டுவிட்டேன் என்று தினமும் தோழியிடம் கப்சா விடுகிறேன். அங்கே அவர் சிரிப்பு நின்றது. பாவம், அந்தப் பொண்ணு பட்டினி கிடந்திருக்கு, டீச்சரம்மா ழகரத்தைத் திருத்தியிருக்காங்க என்றார்.

அடுத்த தாள் உன்னுடையது. அம்பேல்: ஆட்டத்தில், போதும், என்னை விட்டுவிடு என்று கேட்பது. வாக்கியம்: பள்ளி வேனில் நான் தினமும் அம்பேல் சொல்கிறேன், யாரும் அடிப்பதை நிறுத்துவதில்லை. வேனை அடித்து ஊர்தி என்று மாற்றி, வாக்கியம் நன்று, பத்துக்கு ஒன்பது என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன்.

மூன்று நாளாக அந்த ஒன்பதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்த வருஷக் கடைசியில்தானே விடுதிக்குப் போகிறேன் என்று அடம்பிடித்தாய், துரைக்கு வீட்டுச் சோறு கசக்குது என்று நான் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தேன். விடுதி, கல்லூரி, வேலை என்று அப்படியே தூரமாகிவிட்டாய். யார் அடித்தார்கள், நான் தாள் எழுதவைத்த பிள்ளைகளா, என்மேல் இருந்த கோபமா உன் முதுகில் விழுந்தது. தினமும் உனக்குத் தட்டு வைத்தவளுக்கு இது தெரியாமல் போனதை நம்பவே முடியவில்லை.

அவன் மறந்திருப்பான், கிளறாதே என்கிறார் அப்பா. இருக்கலாம். ஆனாலும் நீ கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. படிக்கவில்லையடா, இப்போதுதான் படித்தேன்.

குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ. இருவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருங்கள். இதனுடன் ஒரு வெற்றுத்தாள் வைத்திருக்கிறேன், சிவப்புப் பேனாவை அப்பாவிடம் கொடுத்துவிட்டேன். அந்த வேனைப் பற்றி ஒரு வாக்கியமாவது எழுதி அனுப்பு.

உன் அம்மா