முதலில் கதவைத் தட்டுபவள்

தார்ன்ஹாம், 27 பிப்ரவரி 1646

அன்புள்ள அண்ணாவுக்கு,

வைத்தியம் படித்த அண்ணன் இப்ஸ்விச்சில் இருந்தும் என் பிள்ளை ஜைல்ஸுக்கு மூன்று வாரமாகக் கைகால் இழுப்பு நிற்கவில்லை. மருத்துவச்சி மார்ஜரி பார்த்த மாத்திரத்தில், "இது நோயில்ல தாயி, யாரோ செஞ்சு வெச்சிருக்காங்க" என்றுவிட்டாள். வியாழக்கிழமை பிள்ளையின் மூத்திரத்தை ஊசிகளோடு ஜாடியில் அடைத்து அடுப்பில் ஏற்றப் போகிறோம். செய்தவளுக்கு வயிறு எரியுமாம். தாங்காமல் அவளே முதலில் வந்து கதவைத் தட்டுவாளாம். நீ சிரிப்பாய். சிரி. இழுக்கும்போது அவனைப் பிடித்துக்கொள்கிறவள் நான்தானே.

தங்கை தாமசின்


இப்ஸ்விச், 4 மார்ச்

செல்லத் தங்கைக்கு,

சிரித்தேன், கோபித்துக்கொள்ளாதே. இந்த மூடத்தனத்தை எதிர்த்துத்தான் புத்தகம் எழுதிக்கொண்டிருக்கிறேன். அதை விட்டு நகர முடியவில்லை. மருந்தோடு உன் அண்ணி லெட்டிஸை அனுப்புகிறேன். இந்தக் கடிதமும் அவள் கையில்தான் வருகிறது. ஜாடி கொதிக்கும் நேரம் பார்த்து முதல் ஆளாகத் தட்டச் சொல்லியிருக்கிறேன். உன் கல்யாணத்துக்குத் தலை பின்னிவிட்ட அண்ணியா சூனியக்காரி? இனியாவது அந்த ஜாடியைத் தூக்கி எறி.

உன் மேல் உயிரான ஆம்ப்ரோஸ்


தார்ன்ஹாம், 6 மார்ச்

அண்ணா,

அண்ணிதான் தட்டினாள். "என்ன தாமசின், பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே? உள்ள வான்னு சொல்ல மாட்டியா?" என்று சிரித்தாள். உன் கடிதத்தை நீட்டினாள். யாரும் கை நீட்டி வாங்கவில்லை. பிறகு படித்தேன். எது விளையாட்டு, எது சாக்கு என்று எனக்குப் புரியவில்லை. போன தடவை வந்தபோது பிள்ளையில்லாத அவள் ஜைல்ஸை மடியைவிட்டு இறக்கவேயில்லை. அவள் போன பிறகுதானே இழுப்பு வந்தது?

பெண்கள் அவளைச் சோதித்தார்கள். இடது அக்குளில் ஒரு மச்சம். சாத்தான் வைத்த அடையாளமாம், குத்தினால் ரத்தம் வராதாம். நாளை நீதிபதி முன்னால் மார்ஜரி அதில் ஊசி ஏற்றுவாள். ரத்தம் வராவிட்டால் தூக்குத்தான். ஆனால் நேற்று ஜைல்ஸ் இழுப்பே இல்லாமல் தூங்கினான், அண்ணா. நான் என்ன செய்வேன்?

தாமசின்


இப்ஸ்விச், 9 மார்ச்

தாமசின்,

உனக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறது. தட்டச் சொன்னவன் நான். அதை நீதிபதியிடம் சத்தியம் செய்து சொல்லக் குதிரை ஏறினேன். ஊர் எல்லையிலிருந்து திரும்பிவிட்டேன்.

மச்சம் என்கிறாயே. பதினோரு வருஷம் அவளோடு வாழ்ந்தவன், நான் அதைப் பார்த்ததேயில்லை. காலையிலிருந்து மேஜை முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்; புத்தகத்தில் ஒரு வரி ஓடவில்லை. இதைக் கேட்க வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் கடிதம் கொண்டுவரும் ஆளிடமே பதில் கொடுத்தனுப்பு.

ஊசி ஏற்றியபோது ரத்தம் வந்ததா?

பதில் பார்த்துவிட்டுத்தான் புறப்படுவேன்.

ஆம்ப்ரோஸ்